மகுவெய் கரையேறிய கதை

மிங்கமான்,
ஆற்றங்கரைப் புளியமரத்தடி.

என் அன்பு மகன் அயுவேனுக்கு, உன் சித்தப்பன் ஜுர்குச் எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். சண்டை வரும் என்றேன், வந்தது. டவுனே காலியாகும் என்றேன், ஆயிற்று. உன் அம்மா எங்கேயும் போயிருக்கமாட்டாள், கிடைப்பாள் என்றேன், கிடைத்துவிட்டாள். அதை முதலில் ஒரு தரம் படி, படித்துவிட்டு உன் மனைவி நியிபோலைக் கூப்பிட்டு அவளிடமும் சொல், பிறகு உட்கார்ந்து மிச்சத்தைப் படி. உன் அம்மா உயிரோடு இருக்கிறாள், கை கால் முழுசாக இருக்கிறது, வாயும் முழுசாக இருக்கிறது, இந்த நிமிஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆம்பல் விதை புடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று வாசித்துக் காட்டச் சொல்கிறாள், அவள் காதில் விழாமல் ஒரு வரிகூட நகர மாட்டேன் என்கிறது. கடவுள் போட்ட நிழலில், சாணிப் புகைக்குள், கொசுக்கடி தவிர வேறு குறை இல்லாமல் நாங்கள் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் இன்னும் பேர் வைக்காத என் பேரனும் அந்தக் குளிர் தேசத்தில் கதகதப்பாக, பால் குறையாமல், இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நெற்றி தரையில் படக் கும்பிடுகிறோம்.

நான் சொன்னதற்கு நீயே சாட்சி. நம் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் நீ மெல்பர்னிலிருந்து வந்திருந்தாயே, கொடி ஏற்றிய மைதானத்தில் எல்லாரும் குதித்து ஆடும்போது உன் காதில் என்ன சொன்னேன்? மேடையைப் பார், போட்டிருக்கிற நாற்காலி கொஞ்சம், உட்கார வந்திருக்கிற பெரிய ஆட்கள் நிறைய, இது நல்லதற்கில்லை என்று சொன்னேனா இல்லையா? நீ சிரித்தாய். அன்று சாயங்காலம் பட்டிக்கு வந்தபோது நம் எருது மகுவெய் உன் தொப்பியைத் தலையிலிருந்து உருவித் தின்றதே, அதுகூட ஒரு சகுனம்தான் என்று சொன்னேன். இதை வாசித்ததும் உன் அம்மா, "நீ தெனம் காலையில ஒண்ணு சொல்லுவ, சாயங்காலம் அதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்லுவ, ஏதாச்சும் ஒண்ணு பலிக்காமலா போவும்" என்கிறாள். பொறாமை. மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பில் முதல் மாணவனாக வந்தவன் நான், உனக்குத் தெரியும். அந்த வகுப்பில் நான் ஒருத்தன்தான் இருந்தேன் என்பதையும் எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன், அதனால் முதல் இல்லை என்று ஆகிவிடுமா?

சண்டை தலைநகர் ஜூபாவில் தொடங்கி நம் டவுனுக்கு வந்து சேர்ந்த அன்று நான் மாட்டுப் பட்டியில் இருந்தேன், உன் அம்மா டவுன் வீட்டில் இருந்தாள். யார் எந்தப் பக்கம், யார் முதலில் சுட்டான் என்று எழுதப் புகுந்தால் இந்தக் காகிதம் போதாது, எழுதினாலும் உனக்கும் புரியாது எனக்கும் புரியாது. நாம் பெற்ற நாடு தவழ்ந்து எழுந்து நிற்பதற்குள் அதன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும், அதை நீ மறக்கக்கூடாது. பக்கத்து வீட்டு நியாலுவாக், தேநீர் விற்கிறாளே, சுட வந்தவர்களைப் போலவே நுவேர் இனத்துக்காரி, அவள்தான் உன் அம்மாவைக் காப்பாற்றினாள். துப்பாக்கிக்காரர்கள் தெருவுக்குள் வந்தபோது நம் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று அவர்கள் பாஷையிலேயே, "இது எங்க அக்கா வீடு, உள்ள காலை வச்சீங்கன்னா உங்க ஆத்தாகிட்ட சொல்லிப்புடுவேன், யாரு மவன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா" என்று கத்தினாளாம். தேநீர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திட்டுகிற பெண்பிள்ளைக்கு எந்தப் படையும் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் உன் அம்மா பின்பக்க வேலியைப் பிரித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். நியாலுவாக் இப்போது எங்கே என்று தெரியவில்லை. நல்லபடியாக இருக்கிறாள் என்று நான் முன்கூட்டியே சொல்கிறேன், பார், இதுவும் பலிக்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேள். பட்டியை அவிழ்த்துவிட்டு மாடுகளை ஆற்றுக்கு ஓட்டினேன். நம் மாடுகள் ஆற்றைக் கடப்பது உனக்குத் தெரிந்ததுதான், முன்னால் ஒருத்தன் தானே பாட்டுக் கட்டி வளர்த்த பாட்டு எருது நீந்த வேண்டும், அதன் பக்கத்தில் அந்த ஆள் பாடிக்கொண்டே நீந்த வேண்டும், கழுத்து மணிச் சத்தம் கேட்டால்தான் மற்றவை தண்ணீரில் இறங்கும். மகுவெய்க்கு வயதாகிவிட்டது என்று யார் யாரோ சொன்னார்கள். உன் அப்பா அந்தப் பழைய போரில் சாகும்போது விட்டுப்போன ஒரே பசுவின் வயிற்றில் வந்தது, அதற்கு எப்படி வயதாகும்? உடம்பெல்லாம் கறுப்பு, தலை மட்டும் மீன்கழுகு போல வெள்ளை, தண்ணீரில் இறங்கினால் ஆற்றின் நடுவே ஒரு விளக்கு போவது போல இருக்கும். பின்னால் குண்டு சோளம் பொரிகிற மாதிரி பொரிகிறது, படகுகளில் ஜனம் ஒருவர் மடியில் ஒருவராக அள்ளிக்கொண்டு போகிறது, நான் மகுவெய்யின் காதுக்குள் பாடிக்கொண்டே நீந்துகிறேன். நடு ஆற்றில் ஒரு முதலை, நம் பழைய வீட்டு வாசலிலிருந்து கொல்லை வரை நீளம், வாயைத் திறந்தது. மூக்கின் மேல் ஒரு குத்து விட்டேன், மன்னிப்புக் கேட்பது போல அப்படியே உள்ளே போய்விட்டது. உன் அம்மா புடைப்பதை நிறுத்திவிட்டு, "அது கட்டை. மொதலை இல்ல, அழுகிப்போன கட்டை. கூட நீந்தின பய எல்லாம் சொல்லிட்டான்" என்கிறாள். கட்டையாகவே இருக்கட்டும், குத்தியது உண்மை, விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் மகுவெய் கரையேறியது, உடம்பை ஒரு உதறு உதறியது, மற்ற மாடுகள் அதன் பின்னால் ஒவ்வொன்றாக ஏறின. ஒரு கன்றுகூடத் தவறவில்லை. அதற்காக இன்றைக்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் அது என் பக்கத்தில்தான் கட்டியிருக்கிறது, அசைபோட்டுக்கொண்டு, நான் சரியாக எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டு.

இக்கரையில் இருக்கிற அலியாப் குலத்து ஆட்களைப் பற்றி இளவட்டத்தில் நாம் என்னவெல்லாம் பேசியிருக்கிறோம், அவர்கள் பேச்சு மூக்கால் வரும், அவர்கள் பசு பாலுக்குப் பதில் தண்ணீர் கறக்கும் என்று. மேய்ச்சல் தகராறில் நான் கம்பால் மண்டையைப் பிளந்தேனே மபுவோர், நினைவிருக்கிறதா, நூறு தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன், அவன்தான் கரையில் நின்றிருந்தான். ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு ஏறுகிறேன், என்னைப் பார்த்ததும் தலையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டு, "வாய்யா மகுவெய் அப்பா, கம்பு கொண்டாந்திருக்கியா, இல்ல நான் ஒண்ணு தரட்டுமா" என்றான். அப்படிச் சொல்லிவிட்டுத் தன் போர்வையை எடுத்து என் தோளில் போட்டான். இந்தப் புளியமரம் அவன் குடும்பத்து மரம், இதன் அடியில் அவன் அப்பனைப் புதைத்திருக்கிறது, அந்நியர் யாரும் உட்காரக்கூடாத இடம். இன்று இதன் கீழே நம் ஆட்கள் எத்தனை குடும்பம் சமைத்துத் தின்கிறது தெரியுமா? ஒரு கிளையை வெட்டவில்லை, ஒரு முகம் சுளிக்கவில்லை. அயுவேன், நான் பெருமைக்காரன்தான், ஆனால் அன்று அவன் போர்வைக்குள் நின்றபோது என் வாயில் ஒரு பெருமையும் வரவில்லை.

ஆனால் உன் அம்மா இல்லை. படகு படகாக வந்து இறங்குகிறார்கள், ஒவ்வொரு படகிலும் தேடுகிறேன், மரத்தடி மரத்தடியாகத் தேடுகிறேன், அதியெங்கைப் பார்த்தீர்களா, என் அண்ணன் துவோத்தின் மனைவி, நெற்றியில் ஒரு தீக்காயம் இருக்கும் என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை தவளையாகிவிட்டது. அப்போதுதான் உதவிக்கு வந்திருந்த வெள்ளைக் கூடாரத்துக்காரர்களின் போனில் உன்னோடு பேசினேன். அம்மாவை இன்னும் காணோம் என்றேன். பிறகு பிள்ளை பிறந்த செய்தியைச் சொன்னாய், பையன் என்றாய், அம்மா வந்து பேர் சொல்கிற வரைக்கும் அவன் பேரில்லாமலே இருக்கட்டும், வேறு யார் சொன்னாலும் வைக்கமாட்டேன் என்றாய். அன்றைக்கே போன் டவரும் போயிற்று. அம்மா கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மபுவோர்தான், "அவசரத்துல படகுக்காரன் கொஞ்சம் பேர நடு ஆத்துத் தீவுல எறக்கி வுட்டுட்டுப் போயிருக்கான். கோரைக்குள்ள கெடக்குறாங்க. எந்திரி, தோணி இருக்கு" என்றான்.

தீவு என்றால் தரை என்று நினைத்துவிடாதே, பாதி சேறு, பாதி கோரை, ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும். நாளெல்லாம் தோணியில் சுற்றினோம், மறுநாளும் சுற்றினோம், அதியெங் அதியெங் என்று கூப்பிட்டேன். ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள், கோரை அசைகிறது, ஒரு குழந்தை இருமுகிறது, ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. துப்பாக்கிக்காரர்களும் படகில் வந்து நம் பாஷையில், நம் பெண்களின் பேரையே சொல்லி, வெளியே வாருங்கள், நாங்கள் உங்கள் ஆட்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகு பெற்ற அப்பன் கூப்பிட்டாலும் வாய் திறப்பதில்லை என்று உள்ளே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உன் சித்தப்பன் மூளை அப்போதுதான் வேலை செய்தது. பேரை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஆனால் மகுவெய் பாட்டை இந்த உலகத்தில் என்னைத் தவிர யார் பாடுவான்? அடுத்தவன் எருதின் பாட்டைப் பாடினால் கம்படி விழும் என்று தெரியாதவன் உண்டா? துடுப்பை நிறுத்தச் சொன்னேன். தோணியில் எழுந்து நின்று, மீன்கழுகுத் தலையனே, உன் ஒரு கொம்பு கிழக்கே சூரியனைத் தொடும், மறு கொம்பு மேற்கே நிலாவைக் குத்தும், நடுவிலே நாரைகள் ஊர்வலம் போகும் என்று எடுத்தேன் பார், ஆறே நின்று கேட்டது. இரண்டாவது அடி முடியவில்லை, கோரைக்குள்ளிருந்து ஒரு குரல், "பொய்யி! பொய்யி! எடது கொம்பு கண்ணு மேல தொங்கிக்கிட்டில்ல கெடக்கு, நெலாவையா குத்தும்? ஈ ஓட்டக்கூட ஒதவாத கொம்பு!" உன் அம்மா! பக்கத்திலிருந்தவர்கள் அவள் வாயைப் பொத்தப் பார்த்திருக்கிறார்கள், அவள் கையைத் தட்டிவிட்டு, "வுடுங்கடி, துப்பாக்கிக்காரன் எவனும் இவ்வளவு பொய் சொல்ல மாட்டான், இது என் கொழுந்தன்தான்" என்று இடுப்பளவு சேற்றில் எழுந்து நின்றாள். அவள் பின்னால் ஒவ்வொரு தலையாகக் கோரைக்குள்ளிருந்து எழுந்தது. மபுவோர் அழுதான். நான் அழவில்லை, கண்ணில் கோரைப் பூ விழுந்துவிட்டது. உன் அம்மா தோணி கவிழக் கவிழ ஏறினாள், ஏறியதும் என் கன்னத்தில் ஒரு அறை, "இவ்வளவு நாளா எங்கடா போயிருந்த" என்று. அந்த அறையை வாங்குவதற்கு நான் எத்தனை ஆறு வேண்டுமானாலும் நீந்தலாம்.

ஆம்பல் கிழங்கைத் தோண்டித் தின்று, ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, சேற்றைப் பூசிக்கொண்டு கொசுவிடமிருந்து தப்பித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். காய்ச்சல் வந்து போயிற்று, கால் புண் ஆறிவருகிறது. வந்த அன்று மபுவோரின் மனைவி அவள் தலையில் வெண்ணெய் தடவி, சுடச்சுடப் பாலும் கஞ்சியும் கொடுத்தாள். உன் அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வெகுநேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன அண்ணி என்றேன், "ஒண்ணுமில்ல, ஆவி வருது பாரு" என்றாள். சூடான ஒன்றைப் பார்ப்பதற்குக்கூட நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது மகனே, நாம் இத்தனை வருஷம் அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டோம்.

உனக்குச் சில புத்தி சொல்ல வேண்டும், உங்கள் மெல்பர்னிலிருந்து வந்து இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற பாஸ்டர், ஜூபா போகிற படகுக்கு அவசரப்படுகிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொள். காரை மெல்ல ஓட்டு. நீ மாட்டிறைச்சிக் கம்பெனியில் வேலை செய்கிறாய் என்பதை நான் மகுவெய்யிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன், வயிற்றுப் பிழைப்பு, கடவுளுக்குத் தெரியும். ஆனால் உன்னோடு அங்கே வேலை செய்கிற நுவேர்ப் பையனோடு இந்தச் சண்டை தொடங்கியதிலிருந்து நீ பேசுவதில்லையாமே, ஒரே மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறாயாமே, பாஸ்டருக்கு எல்லாம் தெரிகிறது. அவனிடம் போய்ப் பேசு. உன் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பான். நியாலுவாக் நம் வாசலில் நின்றதை அவனுக்குச் சொல், நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்.

இனி பிள்ளை பேர். நான் ஜுர்குச் என்று என் பேரையே வைக்கலாம் என்றேன், அழகான பேர், வீரமான பேர். உன் அம்மா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த விதையெல்லாம் கொட்டிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன், முதலில் எழுதினதை எல்லாம் தலையிலிருந்து வாசி என்றாள். வாசித்தேன். நான்காம் வகுப்பில் நிறுத்தி ஒரு தரம் சிரித்தாள். முதலையில் நிறுத்திக் கட்டை கட்டை என்றாள். கம்பால் மண்டையைப் பிளந்தது நான் இல்லை, என்னைத்தான் மபுவோர் பிளந்தான் என்றாள், அவன் தலையில் இருப்பது குழந்தையில் விழுந்த தழும்பாம். அதையும் வைத்துக்கொள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் மகுவெய் கரையேறியது என்று வாசித்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் கட்டியிருக்கிறது, அசைபோடுகிறது என்று வாசித்தேன், முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் என் வாயிலிருந்து ஒரு பொய்யைத் தப்பவிட்டதில்லை அவள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை அயுவேன்.

மகுவெய் கரையேறவில்லை. இக்கரை மரம் தெரிகிற தூரம் வரை முன்னால் நீந்திக் கொண்டுவந்து சேர்த்தது, அது சத்தியம். காலுக்குத் தரை தட்டியதும் மற்ற மாடுகள் அதை முந்திக்கொண்டு ஏறின, நான் திரும்பிப் பார்க்கும்போது வெள்ளைத் தலை தண்ணீரில் இல்லை. தீவில் உன் அம்மாவைத் தேடி அலைந்த அந்த இரண்டாம் நாள், கோரை ஓரத்தில் அது ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தோம். மபுவோர் கழுத்து மணியை அறுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் துடுப்பைத் தானே நிறுத்தினான். மூளையும் இல்லை தந்திரமும் இல்லை, அதற்காகத்தான் பாடினேன். கடைசியாகப் பாடும்போது கொம்பைக் கொஞ்சம் நீளமாகத்தானே பாடத் தோன்றும்? உன் அம்மா தோணியில் ஏறி என்னை அறைந்த பிறகுதான் என் கையிலிருந்த மணியைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தக் கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. உன் அப்பா விட்டுப்போனதில் கடைசியாக இருந்தது அது, தூரத்தில் இருக்கிறவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் கரையேற்றிவிட்டேன்.

இதையும் அவளுக்கு வாசித்தேன். மேலே எழுதின பொய்யை அடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "எதையும் அடிக்க வேணாம். புள்ளைக்கு மகுவெய்னு பேரு வைக்கச் சொல்லு. கரையேறிட்டான்ல" என்றாள். ஆகவே மகனே, பேர் வந்துவிட்டது. பாஸ்டர் கையில் அந்த மணியையும் கொடுத்தனுப்புகிறேன், தொட்டிலில் கட்டு, சத்தம் கேட்டால் இனிப் பிறக்கவேண்டிய தம்பி தங்கைகளெல்லாம் அவன் பின்னால் வரும். பிள்ளைக்கு நூறு வயது, நியிபோலுக்குக் குறையாத பால், உனக்கு அம்மாவை நேரில் பார்க்கிற நாள், எல்லாம் கடவுள் கொடுப்பார், இதுவும் நான் முன்கூட்டியே சொல்கிறேன். ஜன்னலை மறக்காதே. நாளைக் காலையில் முகாம் முழுக்கப் போய் நம் மகுவெய் மெல்பர்ன் வரைக்கும் நீந்திப் போய்விட்டான் என்று சொல்லப்போகிறேன், உன் அம்மா திருத்தமாட்டாளாம்.

இப்படிக்கு,
மகுவெய்யின் தாத்தன்
ஜுர்குச்